உதடு மரத்துவிட்டது, பல் மரக்கவில்லை

கீழ்த் தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல். ரூட் கெனாலுக்காகப் போய் உட்கார்ந்தேன். மரத்துப்போகிற ஊசி இரண்டு தடவை போட்டார்கள். உதடு மரத்தது, நாக்கு மரத்தது, பல் மட்டும் மரக்கவில்லை. பாதி திறந்த பல்லைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு, ஆட்டோவில் அழுதபடியே வீட்டுக்கு வந்தேன். வீணாய்ப் போனது 2,960 ரூபாய். அடுத்த ஆறு நாள் வாயைத் திறக்க முடியாமல் கஞ்சி குடித்துக் கிடந்தேன். அன்றைக்கு என்னோடு யாரும் வரவில்லை, இப்படியெல்லாம் நடக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இன்னொருவர் அந்த நாற்காலியில் ஒன்றும் தெரியாமல் உட்காரக் கூடாது என்பதற்காக, நடந்ததையும் அப்புறம் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஆரம்பம் சாதாரணப் பல் கூச்சம்தான். பிறகு சூடான டீ பட்டால் வலித்தது. டீயை விழுங்கிய பிறகும் பத்து நிமிடம் விண்விண் என்று தெறித்தது. மூன்றாவது வாரம் ராத்திரித் தூக்கம் போயிற்று. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் அடங்கும். இது பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கூழ் இனித் தேறாத அளவுக்கு அழன்று போனதன் அடையாளம். எனக்கு அது தெரியவில்லை. மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் 460 ரூபாய்க்கு வாங்கித் தின்றேன். நரம்பு உயிரோடு அழன்றிருக்கும் இந்த வலிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோதான் அதற்கு வேலை. பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம், அந்த மூன்று வாரத் தாமதம். டீ பட்டு வலித்த முதல் வாரமே போயிருந்தால் ஊசி நன்றாகப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி வலியோடு போகும் கீழ்க் கடைவாய்ப் பல்தான், பல் மருத்துவத்திலேயே மரக்க வைக்கக் கடினமான பல்.

முதல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "ஊசி ஏதாவது அலர்ஜி இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மருந்துக் குப்பியில் இருந்து இரண்டு மில்லி சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்க்குப் பின்னால், தாடை எலும்பின் உள்பக்கம் குத்தினார். மருந்து போய் அரை நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாததால் மயக்கமும் வந்தது. நாற்காலியைச் சாய்த்துப் படுக்க வைத்ததும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாயிற்று. ஆனால் என் சீட்டில் "ஊசி அலர்ஜி?" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வழி வகுத்தது.

அது அலர்ஜி இல்லை. நம் ஊரில் வழக்கமாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெயின். சைலோகெயின் என்றால் பலருக்கும் தெரியும். அதோடு 80,000-க்கு 1 என்ற விகிதத்தில் அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். பயந்தால் நம் உடம்பே சுரக்கும் அதே பொருள்தான் இந்த அட்ரினலின். இரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். கொஞ்சம் வேகமாக உடம்பில் கலந்தாலோ, ஊசி முனை இரத்தக் குழாயில் பட்டிருந்தாலோ படபடப்பு வரும், சில நிமிடத்தில் போய்விடும். இதைத் தவிர்க்க டாக்டர் செய்ய வேண்டியது இரண்டு. மருந்தைத் தள்ளுவதற்கு முன் சிரிஞ்சைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது முதலாவது. மெதுவாக, ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் தள்ளுவது இரண்டாவது. எனக்கு இரண்டு மில்லியும் பத்து நொடிக்குள் போயிற்று. மெதுவாகப் போட்டால் குத்துகிற வலியும் குறையும், ஏனென்றால் அட்ரினலின் கெடாமல் இருக்க அந்த மருந்தை அமிலத்தன்மையோடு வைத்திருப்பார்கள். எரிவது அதனால்தான்.

உண்மையான அலர்ஜி என்றால் உடம்பில் தடிப்பு, அரிப்பு, உதடும் கண்ணும் வீங்குவது, மூச்சு இழுப்பது. லிக்னோகெயினுக்கு அது மிக மிக அபூர்வம். பழைய காலத்தில் போட்ட நோவகெயின் வேறு வகை மருந்து, அதில் அலர்ஜி அதிகம். 1943-ல் ஸ்வீடனில் லோஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கி, 1948-ல் அது விற்பனைக்கு வந்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்துவிட்டது. பலமுறை எடுக்கும் பெரிய குப்பியில் மெத்தில்பாரபென் என்ற பதப்படுத்தி இருக்கும், அட்ரினலின் சேர்ந்ததில் சல்ஃபைட் இருக்கும். சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது இவைதான், ஊசி மருந்து இல்லை. கையில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸைப் பெரிதாக நம்பிவிடவும் முடியாது, சரியாக இருந்தது என்பதற்காக ஒன்றுமே வராது என்று உறுதி சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் அலர்ஜி நிபுணரிடம் போய்த் தெளிவு பண்ணிக்கொள்ள வேண்டும். படபடப்பையும் மயக்கத்தையும் அலர்ஜி என்று சீட்டில் எழுத மட்டும் விடாதீர்கள். காலம் பூராவும் அது கூடவே வரும்.

என் விஷயத்தில் அன்றைக்கே வந்தது. ஐந்து நிமிடத்தில் கீழுதடு தடித்துப்போன மாதிரி ஆயிற்று, நாக்கின் ஒரு பாதி உணர்வில்லை. "மரத்திருச்சா?" என்றார். ஆமாம் என்றேன். ட்ரில் ஓடியது. எனாமல் வரைக்கும் ஒன்றுமில்லை. அடுத்த அடுக்கைத் தொட்டதும் தாடையில் இருந்து காது வரை ஷாக் அடித்தது. கத்திவிட்டேன். "அது வலி இல்ல மேடம், அழுத்தம்தான். உதடு மரத்திருச்சுல்ல, பயப்படாதீங்க" என்றார். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. நமக்குத்தான் பொறுமை போதவில்லையோ என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுபடி அதே ஷாக். இந்தத் தடவை, சீட்டில் எழுதியதைப் பார்த்துப் பயந்து, அட்ரினலின் இல்லாத லிக்னோகெயினைப் போட்டார். அட்ரினலின் இல்லாமல் போட்டால் உதடு மரப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும், பல் மரப்பு ஐந்து பத்து நிமிடத்தோடு சரி. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பல்லுக்குள்ளேயே, நரம்புக்கூழில் நேராக ஊசியைச் செருகினார். அந்த வலியை இங்கே எழுதிக் காட்ட என்னால் முடியாது. எழுந்துவிட்டேன்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. உதடு மரத்தால் பல் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேல் தாடை எலும்பு மெல்லியது, நுண்துளை உள்ளது. பல்லுக்கு அருகில் ஈறில் போட்டாலே மருந்து ஊறி வேர் நுனிக்குப் போய்விடும். கீழ்த் தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்பு கெட்டி. லிக்னோகெயின் ஊறிப் போகாது. அதனால் பல் நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் துவாரத்துக்கு அருகிலேயே, இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் மருந்தை வைத்து மொத்தப் பாதையையும் அடைக்கிறார்கள். கீழுதடும் மோவாயும் மரத்தால் மருந்து சரியான இடத்துக்குப் போனது என்று மட்டும் தெரியும். நாக்கு மட்டும் மரத்து உதடு மரக்கவில்லை என்றால் குறி தப்பிவிட்டது. கன்னப் பக்கத்து ஈறுக்கு வேறு நரம்பு, அதற்குத் தனியாக ஒரு ஊசி வேண்டும். இவ்வளவும் சரியாக நடந்தாலும், ஆரோக்கியமான பல்லிலேயே இந்த ஊசி சிலருக்குப் பிடிக்காமல் போவது உண்டு. அழன்ற பல்லில் அது இன்னும் அடிக்கடி நடக்கும்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் "உள்ளே இன்ஃபெக்‌ஷன், அமிலம்" என்பார்கள். அதில் பாதி உண்மை. லிக்னோகெயின் திசுவுக்குள் இரண்டு வடிவத்தில் இருக்கும். மின்னூட்டம் இல்லாத வடிவம்தான் நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உடம்பின் இயல்பான 7.4 பிஎச்-ல் அது கால்வாசி இருக்கும் (பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அழற்சியால் பிஎச் 6.5-க்கு இறங்கினால் 4 சதவீதம்கூட இருக்காது. மருந்து ஏராளமாக இருக்கும், உள்ளே போக வழி இருக்காது. சீழ் வைத்த இடத்திலேயே ஊசி போட்டால் பிடிக்காததற்கு இது சரியான விளக்கம். ஆனால் கீழ்த் தாடை ஊசி போடப்படுவது பல்லில் இருந்து வெகு தள்ளி, அழற்சியே இல்லாத இடத்தில். அங்கே அமிலத்தைக் குறை சொல்ல முடியாது. வாரக்கணக்கில் அழன்ற நரம்பே மாறிப்போகிறது. வலிச் சேதியைக் கடத்துபவை நரம்புச் சவ்வில் உள்ள சோடியம் வாசல்கள், லிக்னோகெயின் அடைப்பது அவற்றைத்தான்; அந்த மருந்துக்கு எளிதில் அடங்காத வாசல்கள் அதில் கூடிவிடுகின்றன, சின்னத் தூண்டலுக்கும் துடிக்கிறது. சில பேருக்கு வேறொரு நரம்பின் கிளையும் அந்தப் பல்லுக்குள் போகும். ஆக, அந்த நாற்காலியில் வலித்தால் அது கோழைத்தனம் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லாததுதான் அந்த வலியைவிட என்னை அதிகம் நோகடித்தது.

மறுநாள் காலையில் எழுந்தால் வாய் திறக்கவில்லை. சாதாரணமாக மூன்று விரலை நெட்டுக்குத்தலாக வைக்கலாம், எனக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. தாடை எலும்பே உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். திரும்பத் திரும்பக் குத்தியதில் மெல்லும் தசையில் ஊசி பட்டு, உள்ளே கொஞ்சம் இரத்தம் கசிந்து தசை இறுகியிருந்தது. இதற்கு வைத்தியம் எளிது, ஆனால் முதல் நாளே தொடங்க வேண்டும். சூடான ஈரத் துணியால் இருபது நிமிடம் ஒத்தடம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் வைத்துக் கொப்பளிப்பது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம் மெதுவாக வாயைத் திறந்து மூடி, தாடையை இடமும் வலமும் அசைப்பது. வலிக்கும் என்று அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும். இரண்டு மூன்று நாளில் கொஞ்சமாவது தளர வேண்டும். தளராமல் காய்ச்சலும் வீக்கமும் வந்தால் உள்ளே சீழ் பிடிக்கிறது, தாமதிக்கக் கூடாது. எனக்கு ஆறாம் நாள் இரண்டு விரல் நுழைந்தது, ஒன்பதாம் நாள் வேறொரு டாக்டரிடம் போனேன்.

வயதான பெண் டாக்டர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அலர்ஜி இல்லம்மா. ஊசி போதல, அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்பது நாள் பாரம் இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். நாற்காலிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஐப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை 600 மில்லிகிராம் கொடுத்தார். அழன்ற பல்லில் ஊசி பிடிக்க இது உதவுகிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அல்சர், கிட்னி பிரச்சினை, ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தம் உறையாத மாத்திரை என்று ஏதாவது இருந்தால் நீங்களாக எடுக்கக் கூடாது. பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து, முதலில் பக்கத்து நல்ல பல்லில் வைத்தார், பிறகு வலிக்கும் பல்லில். சுளீர் என்றது. "இதை ஞாபகம் வச்சுக்கங்க, மறுபடி பார்ப்போம்" என்றார். ஈறைத் துடைத்துக் காய வைத்து மரப்பு ஜெல் தடவி இரண்டு நிமிடம் காத்திருந்தார். ஈரத்தின் மேல் தடவினால் ஜெல் எச்சிலோடு போய்விடும். அதே அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெயினைத்தான் போட்டார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக. படபடப்பு வரவேயில்லை.

உதடு மரத்த பிறகும் ட்ரில்லைத் தொடவில்லை. முழுதாகப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார். உதடு ஐந்து நிமிடத்தில் மரக்கும், பல் நரம்புக்கு அதைவிட நேரம் வேண்டும். பிறகு மறுபடி குளிர் பஞ்சு. லேசாகத் தெரிந்தது. தெரிந்தால் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். உடனே பல்லின் கன்னப் பக்கம் ஆர்ட்டிகெயின் ஒரு கார்ட்ரிட்ஜ் (ஊசியில் பொருத்தும் சின்ன மருந்துக் குழாய்) போட்டார். ஜெர்மனியில் 1976-ல் புழக்கத்துக்கு வந்த மருந்து, 4 சதவீதம். கீழ்த் தாடையின் கெட்டி எலும்புக்குள்ளும் லிக்னோகெயினைவிட நன்றாக ஊறும். அதற்கு அவர் தனியாக 200 ரூபாய் வாங்கினார், சந்தோஷமாகக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பஞ்சு வைத்தபோது அது பல்லில் பட்டதே தெரியவில்லை. இதுவும் போதாவிட்டால் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒவ்வொரு வேருக்கும் 0.2 மில்லி வைப்பார்கள், அல்லது எலும்புக்குள்ளேயே போடுவார்கள். நரம்புக்கூழில் நேராகப் போடுவது இந்த வரிசையின் கடைசியில் வருவது. அது தவறான முறை இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். எனக்கு அது முதல் கிளினிக்கில் மூன்றாவது முயற்சியாகவே வந்தது.

"இன்னொரு ஊசி கேட்டால் டோஸ் கூடிவிடாதா?" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெயின் பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை, மொத்தம் 500-க்கு மேல் போகாமல். என் எடை 62 கிலோ, 434 மில்லிகிராம், அதாவது இருபத்தொரு மில்லி. அன்றைக்கு எனக்குப் போனது மொத்தமே ஐந்து மில்லி. இரண்டு மருந்து கலந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குக் கணக்கு இறுக்கம், கிலோவுக்கு 4.4 என்றே வைப்பார்கள். 15 கிலோ குழந்தைக்கு 3.3 மில்லியோடு முடிந்தது. நாலைந்து பல்லை ஒரே நாளில் பிடுங்கிவிடலாம் என்று அவசரப்படும் பெற்றோர் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும். அளவு மீறினால் வாயைச் சுற்றிக் கூச்சம், காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை, பேச்சுக் குழறல் என்று தொடங்கி வலிப்பு வரை போகும்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: இதய நோய், சமீபத்திய மாரடைப்பு, கட்டுப்படாத பிபி அல்லது தைராய்டு, பிபிக்கும் படபடப்புக்கும் தரும் ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரை, மனச்சோர்வுக்கு எடுக்கும் பழைய வகை மாத்திரைகள், கர்ப்பம். இவற்றில் அட்ரினலினை முழுதாக நிறுத்த வேண்டும் என்று எப்போதும் இல்லை, அளவைக் குறைப்பார்கள். இதய நோயாளிக்கு ஒரே அமர்வில் அட்ரினலின் 0.04 மில்லிகிராம் என்பது வழக்கமான எல்லை. 80,000-க்கு 1 மருந்தில் அது சுமார் மூன்று மில்லி. சர்க்கரை இருப்பவர்கள் சாப்பிடாமல், மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு போவதுதான் ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். அதுவரை சூடான காபி வேண்டாம், மெல்லவும் வேண்டாம். குழந்தைகள் விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிவிடும், அடுத்த நாள் வெள்ளையாக வீங்கி நிற்பதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் ஊசி சற்றுப் பின்னால் போய்விட்டால் ஒரு பக்கக் கண் இமை மூடாது, வாய் கோணும். பக்கவாதம் மாதிரியே தெரியும். ஊசி போட்ட சில நிமிடத்தில் அதே பக்கம் வந்தால் பெரும்பாலும் மருந்து முக நரம்பைத் தொட்டதுதான், சில மணி நேரத்தில் தானாகத் தெளியும். டாக்டரிடம் உடனே காட்டுங்கள், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள், கண்ணை விரலால் மூடி மூடி ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். கை கால் பலவீனமும் சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாளும் நாக்கோ உதடோ மரத்தே இருந்தால் அதைத் தேதி போட்டுப் பதியச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில வாரத்தில் திரும்பும், ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் அது.

இரண்டாவது டாக்டரிடம் ரூட் கெனால் 5,500, கேப் 4,000. வேலை தொடங்குமுன் அவர் சொன்னது ஒன்றுதான்: "இடது கையைத் தூக்குங்கம்மா, அந்த நொடியே நிறுத்திடுவேன்." ஒரு தடவை சும்மா தூக்கிப் பார்த்தேன், ட்ரில் நின்றது. அதற்குப் பிறகு தூக்கத் தேவை வரவில்லை. கிளம்பும்போது ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன், பர்ஸில் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: லிக்னோகெயின், அட்ரினலினுடன் போடலாம், அலர்ஜி இல்லை, வேகமாகப் போட்டால் படபடப்பு. கீழ் இடது கடைவாய்: தாடையின் உள்பக்கம் போடும் ஊசி மட்டும் போதவில்லை, கன்னப் பக்கம் ஆர்ட்டிகெயின் ஒரு கார்ட்ரிட்ஜ், குளிர் வைத்துப் பார்த்த பிறகே தொடவும்.